தெல்லிப்பழை போகும் வழியில் மருதனார்மடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவர்களுக்குக் கொக்குவில், தாவடி, இணுவில் கடந்ததும் வருவது மருதனார்மடம். அதன்பின் சுன்னாகம், மல்லாகம், பிறகு தெல்லிப்பழை. காலை பஸ்ஸில் ஏறினால் சிலர் கையில் மரக்கறிப் பை இருக்கும், சிலர் கையில் புத்தகப் பை. இன்னும் சிலர் பெரிய உறை ஒன்றை மடியில் வைத்து, மடங்கிப் போகாமல் இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். உள்ளே இருப்பவை எக்ஸ்ரே படங்களும் ஸ்கான் ரிப்போட்டுகளும். அவர்களில் அநேகர் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள்.

என் வேலையும் இந்த வீதியோடுதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்த நாளிலிருந்து, வைத்தியசாலைக்குத் தனியே போக முடியாத பெண்களுக்குத் துணையாகப் போய் வருவது என் கடமைகளில் ஒன்றாக இருக்கிறது. மருதனார்மடத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் சந்தையையும் ஆஞ்சநேயர் கோயிலையும் பற்றி எழுதுவார்கள். எனக்கு அது நோயாளிகள் இறங்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் ஏறுகிற இடம்.

ஊரின் பெயரிலேயே மடம் இருக்கிறது. வாகனங்கள் இல்லாத காலத்தில் வழிப்போக்கர் தங்கிப் போவதற்காக யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மடங்கள் கட்டினார்கள். பக்கத்தில் கிணறு, மாடுகள் உடம்பைத் தேய்க்க ஆவுரோஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி என்பனவும் இருந்தன. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி கட்டும் வழக்கம் நம்மவரிடம் இருந்தது. இன்றும் சில ஒழுங்கைகளில் அவை பாசி பிடித்து நிற்பதைக் காணலாம்.

தெல்லிப்பழை வைத்தியசாலையின் கதையும் ஒரு நடையோடு தொடர்புடையது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. யுத்தம் முடிந்த பின், 2011 யூலையில் ஒரு குழுவினர் நாட்டின் தென்முனையான தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பணம் சேர்த்தார்கள். வழிநெடுகச் சாதாரண சனங்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டிடம் 2013 இல் தெல்லிப்பழையில் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்னர், குறிப்பாக 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின், மகரகமவுக்குப் போய்ச் சிகிச்சை பெறுவது என்பது கப்பலையும் விமானத்தையும் பாஸையும் நம்பிய காரியம். இடையில் மருந்தை விட்டவர்கள் எத்தனை பேரோ.

நான் சொல்லப்போவது 2022 ஆம் ஆண்டில் நான் கூடப்போன ஓர் அக்காவைப் பற்றி. அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஊர் மல்லாவிப் பக்கம். 2009 மேயின் பின் கணவரைக் காணவில்லை. ஒரு மகள். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. நோவில்லை. நோவில்லாததால் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டார். நோவில்லாத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்பதை எங்கள் பெண்களுக்கு யார் சொல்கிறார்கள்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகிறது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பும் கருப்பைக் கழுத்தும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அக்காவின் ஊரிலும் அது நடந்தது. கூலி வேலைக்குப் போகிற நாளில் அவரால் அங்கே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை முடிந்தது. இனி ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், 21 நாளுக்கு ஒரு தடவை என்றார்கள். மல்லாவியிலிருந்து மாங்குளம், மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து தெல்லிப்பழை. மருந்து ஏற்றிய உடம்போடு அதே வழியால் திரும்ப வேண்டும். மருதனார்மடத்தில் உரும்பிராய் வீதிப் பக்கமாக அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி குடும்பம் இருந்தது. முதல்நாள் வந்து தங்கி, மருந்து ஏற்றிய பின் இரண்டு மூன்று நாள் அங்கேயே படுத்தெழும்பிப் போகலாம் என்று பேசி ஒழுங்கு செய்தோம். அந்த வீட்டுக்காரருக்கும் வசதி குறைவு. இருந்தாலும் விறாந்தையில் ஒரு கட்டிலும் ஒரு மறைப்புச் சீலையும் அக்காவுக்காக ஒதுக்கினார்கள்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கறன்ற் இல்லை. எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசை. மண்ணெண்ணெய் இல்லாததால் தோட்டக்காரர் பம்ப் இயக்க முடியாமல், செம்மண் வெடித்துக் கிடந்தது. டொலர் இல்லாததால் நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு. சத்திக்குரிய குளிசை ஒன்றை வெளியில் வாங்க அக்கா தன் தோட்டை அடகு வைத்தார்.

முதலாவது மருந்து ஏப்ரல் கடைசியில். சேலைன் போத்தலோடு சேர்த்து ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று செந்நிறமாக இருக்கும். அன்று சிறுநீரும் சிவப்பாய்ப் போகும். மிஸி முன்கூட்டியே சொல்லிவைத்தபடியால் அக்கா பயப்படவில்லை. “செம்பரத்தம்பூத் தண்ணி மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னார். சத்தி வந்தது. வாயில் இரும்பு நக்கிய மாதிரி ஒரு சுவை வந்து குடியேறியது.

இரண்டாவது மருந்து மே நடுப்பகுதியில். அடுத்த கிழமை மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. கொரோனாவால் பின்போடப்பட்டு அந்த மே 23 இல்தான் தொடங்கியது. அதற்குள் அக்காவின் தலைமயிர் பிடிபிடியாகக் கழன்று தலையணையில் கிடக்கத் தொடங்கிவிட்டது. பரீட்சைக்கு இரண்டு நாளுக்கு முன், மகளே கத்தரிக்கோலை எடுத்து மிச்சத்தை வெட்டினாள். வெட்டி முடித்துவிட்டு, தன் தலையை அம்மாவின் மடியில் வைத்து, “இப்ப எனக்குப் பின்னி விடுங்கோ” என்றாளாம். தாயும் இரண்டு பின்னலும் நேர் வகிடுமாகப் பின்னிவிட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னபோது அக்கா அழவில்லை. “வகிடு கோணாமல் எடுத்தனான்” என்று பெருமையாகச் சொன்னார்.

மூன்றாவது தடவை யூனில் போனோம். இரத்தம் சோதித்தார்கள். வெள்ளணுக்கள் குறைவு, இன்று ஏற்ற முடியாது, ஒரு கிழமை கழித்து வாருங்கள் என்று டொக்டர் சொன்னார். இது சிகிச்சையில் அடிக்கடி நடப்பதுதான். ஆனாலும் விடிய நான்கு மணிக்கு எழும்பி, பட்டினியோடு பஸ்ஸில் தொங்கி வந்தவருக்கு அது தோல்வி மாதிரியே இருக்கிறது. “நான் என்ன பிழை விட்டனான்? சாப்பிடேல்லையோ?” என்று கேட்டார். அவர் ஒன்றும் பிழை விடவில்லை. மருந்து கெட்ட கலங்களை அழிக்கும்போது எலும்பு மச்சையில் பிறக்கும் நல்ல அணுக்களையும் தாக்குகிறது. அவை மீள நாள் எடுக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, மொட்டாக்கைப் பார்த்து விஷயத்தை ஊகித்துக்கொண்டு, “முள்ளிவாய்க்காலையே தாண்டின நீங்கள் இதைத் தாண்டமாட்டீங்களே?” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை. மருதனார்மடத்தில் இறங்கியதும் சொன்னார்: “அதைத் தாண்டின களைப்பு இன்னும் போகேல்லைப் பிள்ளை. அதுக்குள்ள இதையும் தாண்டச் சொல்லினம். நான் இதோட விடப்போறன்.”

இந்த வசனத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தல்கொட் பார்சன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1951 இல் எழுதியதைப் படித்தோம். நோயாளி என்பதும் ஒரு சமூக வகிபாகம், அந்த வேளையில் வழமையான கடமைகளிலிருந்து ஆளுக்கு விடுதலை கிடைக்கிறது என்பார். படிக்கும்போது சரியாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்த பின், அந்த விடுதலை யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால், குடும்பத்தைத் தனியே சுமக்கும் எங்கள் பெண்களுக்கு அது கிடைப்பதில்லை. சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே மகளுக்குப் போன் எடுத்து, கோழிக்குத் தீன் வைத்தாயா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் போய்த் தைரியமாய் இருங்கள், சிரித்த முகமாய் இருங்கள் என்று இன்னொரு வேலையையும் கொடுக்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தனக்கு மார்புப் புற்றுநோய் வந்தபோது இதே உபதேசத்தைக் கேட்டுக் கோபப்பட்டு எழுதினார். மனதைச் சந்தோஷமாக வைத்திருந்தால் புற்றுநோய் மாறிவிடும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று எதுவும் இல்லை. மருந்துதான் மாற்றும். சந்தோஷம் சந்தோஷத்துக்காகவே நல்லது. வந்தால் வரட்டும், வராவிட்டால் அது நோயாளியின் குற்றம் ஆகாது.

ஆகவே நான் அன்று புத்தி சொல்லவில்லை. சந்தையடியில் இருந்த வாங்கில் இருவரும் இருந்தோம். மருதனார்மடச் சந்தையைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் வந்தால் வலிகாமத்துச் செம்மண்ணின் விளைச்சல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். வெங்காயப் பிடிகள், பீற்றூட், கத்தரிக்காய், பயிற்றங்காய், கட்டுக்கட்டாய்க் கீரை, இதரை, கதலி வாழைக்குலைகள். 2020 டிசம்பரில் இந்தச் சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவி, சந்தை மூடப்பட்டு, ஊரே முடங்கியது. அதற்குப் பிறகு திரும்பவும் எழும்பியது. சனம் முண்டியடிக்கும் நேரத்தில் வெள்ளணு குறைந்தவர் உள்ளே போகக்கூடாது. மத்தியானம் சனம் கலைந்தபின் ஓரமாக, முகக்கவசத்தோடு போகலாம்.

அக்கா தோட்டக்காரி. ஒரு கட்டு வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்தார். தாளைக் கிள்ளிப் பார்த்தார். “இது தண்ணி காணாமல் வெள்ளண்ணக் கிண்டின வெங்காயம்” என்றார் வியாபாரியிடம். அவர் முதலில் முறைத்தார். பிறகு, “மண்ணெண்ணெய் எங்கை அம்மா இருக்கு?” என்று சிரித்துவிட்டார். இருவரும் அரை மணித்தியாலம் பேசினார்கள். விதை வெங்காயத்தை எப்படித் தூக்கிக் கட்டுவது, மல்லாவி மண்ணுக்கு எது சரிவரும், மயில் தொல்லை, பன்றித் தொல்லை. நோயைப் பற்றி அந்த மனிதர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பல மாதங்களின் பின் அன்றைக்குத்தான் ஒருவர் அக்காவிடம், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டார். புறப்படும்போது அக்கா, “வாற கிழமை எத்தினை மணிக்குப் போகோணும்?” என்றார். விடப்போறன் என்ற பேச்சு அதற்குப்பின் எழவில்லை. போன கிழமையிலிருந்து வாயை விட்டுப் போகாத இரும்புச் சுவைகூட அன்றிரவு கொஞ்சம் விலகியதாம். செத்தல் மிளகாய்ச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, “உறைக்குது! ஐயோ, உறைக்குது!” என்று அவர் கண்ணீர் வரச் சத்தம் போட்டதைத் தங்கச்சி அடுத்த நாள் எனக்கு நடித்துக் காட்டினார்.

மருதனார்மடத்தில் இன்னொரு விசேஷம் சங்கீதம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இராமநாதன் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அதன் அயலில் 1960 இல் ஆரம்பமான இசைக் கல்லூரி 1975 இல் யாழ்ப்பாண வளாகத்தோடு சேர்ந்து, இன்று பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக உயர்ந்துள்ளது. பக்கத்து ஊரான இணுவிலில் சங்கீதத்துக்குப் பஞ்சமே இல்லை. மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் ரி.எம்.சௌந்தரராஜன் பாடிய புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் இணுவில் வீரமணி ஐயர் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிகிறதோ என்னவோ.

பின்னேரங்களில் அக்காவை மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்காமலிருக்கப் பயிற்சியும் செய்ய வேண்டும். அந்த மதிலோரமாக நடப்போம். உள்ளே யாரோ ஒரு பிள்ளை வயலினில் சரளி வரிசை பழகும். ஒரே இடத்தில் பிழை விடும். திரும்பத் தொடங்கும். மறுபடி அதே இடத்தில் வந்து இடறும். அக்கா அந்த இடத்துக்காகக் காத்து நின்று, பிழை வந்ததும், “பாவம், விழுந்திட்டுது” என்பார். விறைத்த கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்தும் பயிற்சியையும் அந்த வயலினோடு சேர்த்தே செய்தார். எரிபொருள் இல்லாமல் மாணவர்கள் வீட்டிலிருந்தே படித்த கிழமைகளில் மதிலுக்கு உள்ளே சத்தம் இல்லை. அப்போது அக்காவும் நடக்க வரவில்லை.

யூலையில் பஸ்கள் நின்றே போயின. நான்காவது மருந்து பிந்தியது. அந்த மாதத்தில்தான் முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ் ராணி என்ற ரெயில் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் நின்ற ரெயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டதை நீங்கள் அறிவீர்கள். அக்கா சிறுமியாக இருந்தபோது ஏறியதுதான் அவருடைய கடைசி ரெயில் பயணம். யன்னலோரம் இருந்து ஆனையிறவு வெளியைப் பார்த்தபடி வந்தார். பளைக்குப் பிறகு நித்திரையாகிவிட்டார். பஸ்ஸில் ஒருநாளும் நித்திரை கொள்ளாதவர்.

நான்காவது மருந்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. இந்த மருந்து ஏற்றுகிறவர்களுக்கு உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், குளிசை போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கக்கூடாது. இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பக்கத்து வளவுக்காரர் வரிசையில் நின்று எடுத்து வைத்திருந்த ஒரு லீற்றர் பெற்றோலை ஓட்டோவுக்கு ஊற்றினார். ஐந்து நாள் வாட்டில். காய்ச்சல் விட்டது. அதன்பின் இடுப்பில் ஒரு நோவு தொடங்கியது.

புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் இடுப்பும் நாரியும் நோகும் என்பதை வாட்டில் உள்ள எல்லாருமே அறிவார்கள். அக்காவும் அறிந்திருந்தார். படம் எடுக்க எழுதினார்கள். படம் எடுத்தவர் வெளியே வந்து, “இடுப்பில ஊசி, சங்கிலி ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை. திரும்பவும் எடுத்தார். பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். அந்த வாங்கில் நாங்கள் இருந்த நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவுதான். அக்கா தன் மகளை எந்த வீட்டில் விடுவது என்பதை மட்டும் என்னோடு கதைத்தார். அழவில்லை. குரல் மட்டும் மெலிந்துபோயிருந்தது.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். பக்கத்துச் சதையில் வெள்ளையாக, கூர்மையாக ஒரு துண்டு. “இது இரும்பு. உங்களுக்கு முந்திக் காயம் ஏதும் பட்டதோ?”

அக்கா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “அது செல்துண்டு டொக்டர்! ஒன்பதாம் ஆண்டு பட்டது. அவர் பழைய ஆள்!” டொக்டர் சிரித்தார், மிஸி சிரித்தா, வரிசையில் நின்ற நோயாளிகள் விஷயம் விளங்காமலே சிரித்தார்கள். வாழ்நாள் முழுதும் திட்டித் தீர்த்த செல்துண்டுக்கு அன்று அக்கா நன்றி சொன்னார். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. ஒரு பெண்ணின் நல்ல செய்தி உடம்பில் கிடக்கும் குண்டுத் துண்டாக இருக்க வேண்டிய நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் பின்னர்தான் வந்தது. அந்த நேரத்தில் வெறும் சந்தோஷம்தான். வன்னியிலிருந்து வரும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் உடம்பில் செல்துண்டு இருந்தால் சிகிச்சை தொடங்கும்போதே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. என்ற பரிசோதனை காந்தத்தால் செய்யப்படுவது. உடம்பில் இரும்பு இருப்பவருக்கு அது ஆபத்தாகலாம். இடுப்பு நோவு சதைப் பிடிப்பாக இருந்து, கிழமைக் கணக்கில் தணிந்தது.

ஐந்தாவது மருந்து ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில். கோயிலுக்குப் போக முடியவில்லை. ஆறாவது செப்ரெம்பரில். இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தி, களைப்பு, விரல் நுனிகளில் விறைப்பு, நகம் கறுத்தது. எதிலும் மனம் செல்லாத நாட்கள். அந்த நாட்களில் நான் போனால் கட்டிலடியில் இருந்துவிட்டுப் பேசாமல் வருவேன். அவர் விரும்பியதும் அதுதான்.

கடைசி மருந்துக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்தது நவராத்திரி நேரம். மதிலுக்கு உள்ளே திரும்பவும் சத்தம். வீணை, மிருதங்கம், பல குரல்கள். நாங்கள் தேடிய வயலின் கேட்கவில்லை. அல்லது அந்தப் பிள்ளை அந்த இடத்தைத் தாண்டிப் பழகிவிட்டதோ தெரியாது. “பாஸாகிப் போட்டுது போல” என்றார் அக்கா. நவம்பரில் மகளின் பெறுபேறு வந்தது. கணிதத்தில் திறமைச் சித்தி. போனில் எனக்கு முதலில் சொன்னது அதை. தன் தலையில் பூனை மயிர் மாதிரி முளைத்திருப்பதைப் பிறகுதான் சொன்னார்.

அக்கா இப்போதும் ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை போடுகிறார். கிளினிக்குக்கு வரும் நாளில் ஒரு பை நிறையப் பயறோ கச்சானோ கொண்டுவந்து தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டு, சந்தைக்குப் போய் அந்த வெங்காய வியாபாரியோடு சண்டை பிடிக்கிறார். போன தடவை அவரிடம் விதை வெங்காயம் வாங்கினார். மல்லாவியில் கால் ஏக்கரில் நட்டிருக்கிறார். மயில்தான் தொல்லையாம்.